கார் என்ஜினில் ‘கீச் கீச்’: எங்கே என்று தேடாதீர்கள், எப்போது என்று தேடுங்கள்

என்ஜினில் கீச் சத்தம் கேட்டால் பானட்டைத் திறந்து, தலையைச் சாய்த்து, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதுதான் நம் எல்லோருக்கும் வழக்கம். இந்தச் சத்தத்துக்கு அது அவ்வளவாக உதவாது. மெல்லிய, கூர்மையான ஒலி என்ஜின் அறைத் தகடுகளில் பட்டுத் திரும்பி வரும். கீழே கிராங்க் புல்லியில் (என்ஜினின் முதன்மை அச்சில் மாட்டி, பெல்ட்டை ஓட்டும் சக்கரம்) பிறக்கும் சத்தம் மேலே ஆல்டர்னேட்டரில் (பேட்டரியை ஏற்றும் டைனமோ) இருந்து வருவது போலத் தோன்றும். டைனமோ போய்விட்டது என்று சொல்லிப் பல ஆயிரம் செலவழித்து மாற்றிய மறுநாளும் கீச்சிடும் கார்கள் ஊருக்கு ஊர் உண்டு. பல நேரம் குற்றவாளி, பெல்ட்டுக்கு வழிகாட்டுவதற்காக மட்டும் சுழலும் சில நூறு ரூபாய் ஐட்லர் புல்லியாக இருக்கும்.

ஆகவே காதை நம்பி இடம் தேடுவதை ஒத்திவையுங்கள். சத்தம் எப்போது வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். இதற்கு ஸ்பேனர் கூடத் தேவையில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. என்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கம் குனிபவர்கள் துண்டு, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கை வளையம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். நீளக் கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். ரேடியேட்டர் மின்விசிறி என்ஜினை நிறுத்திய பிறகும் தானாகச் சுழல ஆரம்பிக்கலாம். ஹேண்ட்பிரேக் இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முதலில் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே

வண்டி நின்றபடி நியூட்ரலில் இருக்கும்போது சத்தம் வருகிறதா? வந்தால், ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்துப் பாருங்கள். என்ஜின் வேகத்தோடு கீச்சும் வேகமெடுத்தால் அது என்ஜினோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்று. வண்டி நிற்கும்போது வராமல் ஓடும்போது மட்டும் வந்தால் பானட்டை மூடிவிடுங்கள்; ‘ஓடினால் மட்டும் வருகிறது’ என்ற பகுதிக்கு நேராகப் போகலாம்.

அடுத்து கிளட்ச். மிதிக்கும்போதும் விடும்போதும் மாறுகிறதா? அடுத்து ஏ.சி. போடும்போதும் அணைக்கும்போதும் மாறுகிறதா? அதன் பிறகு ஹெட்லைட், பின்கண்ணாடி டீஃபாகர் என்று மின்சாரம் குடிக்கும் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். இந்த விடைகளை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால் மெக்கானிக்கிடம் சொல்லவும் உதவும்.

இன்னொரு வழி இருக்கிறது, அதிகம் பேர் செய்வதில்லை: தாளத்தை எண்ணுவது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, வரும் சத்தத்தைப் போனில் பத்து விநாடி பதிவு செய்து, கால் பங்கு வேகத்தில் ஓட விட்டுக் கீச்சுகளை எண்ணுங்கள். 800 ஆர்.பி.எம்.மில் கிராங்க் விநாடிக்குச் சுமார் 13 சுற்று சுற்றும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் அதில் பாதி. ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரிவதும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான், ஆக விநாடிக்கு ஆறு, ஏழு. பெல்ட் இன்னும் மெதுவாகப் போகிறது. 1750 மி.மீ. நீளப் பெல்ட்டும் 14 செ.மீ. விட்டமுள்ள கிராங்க் புல்லியும் இருந்தால், கிராங்க் நான்கு முறை சுற்றினால்தான் பெல்ட் ஒரு முறை முழுதாக வரும். விநாடிக்கு மூன்று சொச்சம். ஆல்டர்னேட்டர் இதற்கு நேர் எதிர். சிறிய புல்லி என்பதால் கிராங்கைவிட இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்றும். அதன் சத்தம் தனித்தனிக் கீச்சாகக் கேட்காமல் ஒரே இழுப்பாக ‘உய்ங்’ என்றுதான் கேட்கும்.

பத்து விநாடியில் முப்பது சொச்சம் கீச் என்றால் பெல்ட்டின் ஒரே இடத்தில் ஏதோ குறை: கிழிசல், பள்ளத்தில் சிக்கிய சிறு கல். அறுபது, எழுபது என்றால் பெல்ட்டை விட்டுவிட்டு சிலிண்டர் தலைப்பக்கம் யோசியுங்கள். நூற்று முப்பதை ஒட்டி வந்தால் கிராங்க் புல்லி.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்து, ஓரிரு நிமிடத்தில் போய்விடுகிறது

மழைக்காலத்திலும் மார்கழிப் பனியிலும் வெட்டவெளியில் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். பெல்ட்டில் படிந்த ஈரம் காய்ந்ததும் நின்றுவிடும். பேட்டரி இரவில் இறங்கியிருந்தால், ஸ்டார்ட் ஆனவுடன் ஆல்டர்னேட்டர் அதை ஏற்ற முழு மூச்சாக உழைக்கும். அந்தச் சுமையில் பெல்ட் கொஞ்சம் வழுக்கலாம். வெயில் நாளிலும் வந்தாலோ, நிற்கும் நேரம் வாரத்துக்கு வாரம் நீண்டாலோ அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

ஐடிலிங்கில் எப்போதும் ஒரே தாளத்தில் கீச்சிடுகிறது

இங்கேதான் தண்ணீர்ச் சோதனை. துணி இஸ்திரிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுங்கள். என்ஜின் ஐடிலிங்கில் ஓட, பெல்ட்டின் வரிவரியான உள்பக்கத்தில் லேசாக ஒரு தெளிப்பு. பெல்ட் சுழலும் தளத்துக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். ஆல்டர்னேட்டரின் மீது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் சட்டென்று நின்று, சில விநாடிகளில் ஈரம் போனதும் திரும்பி வந்தால், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. அல்லது பெல்ட்டின் வரிகள் தேய்ந்துவிட்டன. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடி ‘கிறீ…ச்’ என்று நீண்டால் பெல்ட் வழுக்குகிறது, அதாவது இழுவிசை போதவில்லை. தண்ணீருக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டால் பெல்ட் நிரபராதி. பேரிங்குகளைப் பார்க்க வேண்டும்.

நேர்கோடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தாளம் போட்டுக் கீச்சிடும் பெல்ட்டுகளில் பெரும்பங்கு இதனால்தான். பெல்ட்டின் ஒவ்வொரு வரியும் புல்லியின் பள்ளத்தில் நேராக இறங்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் பள்ளத்தின் விளிம்பில் உரசித்தான் உட்காரும். அந்த உரசல்தான் கீச். இரண்டு புல்லிகளுக்கு இடையே 30 செ.மீ. இருந்தால் ஒன்றரை மி.மீ. விலகலே சத்தத்துக்குப் போதும் என்பது பொதுவான கணக்கு. கண்ணுக்குத் தெரியாது, நேரான இரும்பு ஸ்கேலை இரண்டு புல்லிகளின் முகத்திலும் பதித்துப் பார்த்தால் தெரியும்.

விலகல் தானாக வருவது குறைவு. எந்த வேலைக்குப் பிறகு சத்தம் ஆரம்பித்தது என்று யோசியுங்கள். வாட்டர் பம்ப் மாற்றினீர்களா? ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டினார்களா? போல்ட்டுக்கு அடியில் இருந்த வாஷர் ஒன்று திரும்பப் போடப்படாமல் மேசையிலேயே தங்கியிருக்கலாம். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் பம்ப் புல்லியை முழுதாக அழுத்தி ஏற்றாமல் விட்டிருக்கலாம். பெல்ட் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருப்பதும் உண்டு: ஆறு பள்ளத்தில் ஐந்தில் மட்டும் இருக்கும், ஆறாவது வரி வெளியே தொங்கும். டார்ச் அடித்து எல்லாப் புல்லியிலும் ஓரத்தைப் பாருங்கள்.

எந்த வேலையும் நடக்காமல் விலகல் வந்திருந்தால் சந்தேகம் கிராங்க் புல்லி மீது. பல என்ஜின்களில் அது ஒற்றை இரும்பு அல்ல. உள்ளே ஒரு குடம், வெளியே ஒரு வளையம், நடுவில் அதிர்வை வாங்க ஒட்டிய ரப்பர். ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் மெல்ல முன்னாலோ பின்னாலோ நகரும். சுண்ணாம்பாலோ பெயின்டாலோ குடத்திலிருந்து வளையம் வரை ஒரே கோடு இழுத்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து இரண்டாகத் தெரிந்தால் புல்லியை மாற்றியே ஆக வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், வளையம் கழன்றால் பெல்ட்டையும் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

பெல்ட் தேய்ந்ததா என்று பார்ப்பதில் ஒரு பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. முன்பு நியோப்ரீன் பெல்ட்டுகள் வந்தன; அவை வயதானால் வெடிப்பு விடும், வெடிப்பைப் பார்த்து மாற்றினோம். 2000-க்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற வேறு வகை ரப்பர். இது அவ்வளவு எளிதில் வெடிக்காது. டயர் போல வரிகள் தேயும். வெளியே புதிது போலப் பளபளக்கும், உள்ளே பள்ளம் ஆழமாகி பெல்ட் புல்லியின் அடியைத் தொடும். வரியின் ரப்பரில் 5 சதவீதம் தேய்ந்தாலே சத்தமும் வழுக்கலும் தொடங்கலாம். புதிய பெல்ட்டை அருகில் வைத்து வரியின் வடிவத்தை ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

மாற்றும்போது எண்ணைப் பாருங்கள். 6பிகே1750 என்றால் ஆறு வரி, 1750 மி.மீ. நீளம். “ஒரு சைஸ் பெரிசுதான் இருக்கு சார், செட் ஆயிடும்” என்று கடைக்காரர் கொடுத்தால் வாங்காதீர்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் வீச்சு அந்த அதிக நீளத்தைச் சமாளிப்பதிலேயே தீர்ந்துவிடும்.

சோப்புக் கட்டியைத் தேய்ப்பது, மெழுகுவர்த்தி தேய்ப்பது, பெல்ட்டுக்கென்றே விற்கும் பிசின் ஸ்ப்ரே அடிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். சத்தம் நிற்கும், உண்மைதான். நம் சாலைப் புழுதி அதில் ஒட்டி சில நாளில் இரட்டிப்பாகத் திரும்பும். அதைவிட மோசம், அதன் பிறகு தண்ணீர்ச் சோதனை எந்த நேர்மையான பதிலையும் தராது.

சுமை ஏறும்போது மட்டும் ‘கிறீ…ச்’ என்று இழுக்கிறது

ஏ.சி. போட்டதும், ஹெட்லைட் போட்டதும், ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பியதும் வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. கையால் இறுக்கும் அமைப்புள்ள பழைய வண்டிகளில், கையேடு சொல்லும் அளவுக்குப் பெல்ட்டை இறுக்கினால் தீர்ந்தது. அளவுக்கு மேல் இறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங்குக்கும் வாட்டர் பம்ப் பேரிங்குக்கும் ஆயுள் குறையும்.

தானியங்கி டென்ஷனர் இருந்தால் ஐடிலிங்கில் அதன் கையைக் கவனியுங்கள். ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். நடுக்கம் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால், டென்ஷனரின் ஸ்பிரிங்கோ உள் உராய்வுப் பகுதியோ தளர்ந்திருக்கலாம். ஆனால் டென்ஷனரை வாங்குவதற்கு முன் ஆல்டர்னேட்டர் புல்லியைப் பார்த்துவிடுங்கள். பல டீசல் கார்களில் அது ஒரு திசையில் பூட்டி மறுதிசையில் தனியாகச் சுழலும் வகை. அது இறுகிப்போனால் டென்ஷனர்தான் அடிவாங்கி ஆடும். பெல்ட்டைக் கழற்றி ஆல்டர்னேட்டரின் உள் ரோட்டர் சுற்றாமல் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்புங்கள். இரண்டு பக்கமும் பூட்டினாலோ, இரண்டு பக்கமும் சும்மா சுழன்றாலோ புல்லி போய்விட்டது. என்ஜினை அணைக்கும் அந்த நொடியில் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் வருவதும் இதன் அடையாளம்.

பெல்ட்டில் எண்ணெயோ கூலன்ட்டோ பட்டிருந்தால் புதுப் பெல்ட் போட்டும் பயனில்லை. ராக்கர் கவர் (என்ஜினின் மேல் மூடி) பேக்கிங்கில் கசிவு, வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் கூலன்ட் காய்ந்த தடம் இரண்டையும் முதலில் பாருங்கள்.

தண்ணீர் தெளித்தும் மாறவில்லை

பெல்ட்டைக் கழற்றி என்ஜினை ஓட்டிப் பார்ப்பதுதான் இனி நேர்வழி. கழற்றும் முன் பெல்ட் போகும் பாதையைப் போனில் படம் எடுங்கள்; அதே பெல்ட்டைத் திரும்பப் போடுவதாக இருந்தால் சுழலும் திசைக்கு ஓர் அம்புக்குறி இடுங்கள். நான் சொல்வது வெளியே தெரியும் பெல்ட்டை. மூடிக்குள் இருந்து கிராங்கையும் கேம்ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டில் கை வைக்காதீர்கள்.

பெல்ட் இல்லாமல் அரை நிமிடம் போதும். பேட்டரி விளக்கு எரியும், பரவாயில்லை. வாட்டர் பம்ப் இந்தப் பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால் தண்ணீர் சுற்றாது, அதனால்தான் அரை நிமிடம் என்கிறேன்.

சத்தம் நின்றுவிட்டதா? என்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். நல்ல பேரிங் கிரீஸின் கனத்தோடு சத்தமில்லாமல் சுற்றி நின்றுவிடும். கிரீஸ் வற்றியது ‘சர்ர்’ என்று நெடுநேரம் லேசாகச் சுற்றும். அதிகமாகச் சுற்றுவதுதான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், இங்கே நேர்மாறு. பிறகு புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கவே கூடாது. ஏ.சி. கம்ப்ரசர் புல்லியை மறக்க வேண்டாம்: ஏ.சி. அணைந்திருந்தாலும் அதன் பேரிங் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஏ.சி. போடாமலே வரும் சத்தத்துக்கும் அது காரணமாகலாம்.

ஐட்லரின் பேரிங்கை மட்டும் மாற்ற முடிந்தால் அதன் விளிம்பில் பொறித்த எண்ணைப் பாருங்கள். 6203 அடிக்கடி வரும் ஒன்று: உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மி.மீ. இருபுறமும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். தகடு மூடிய வகை மழைச் சேற்றுக்குத் தாங்காது. பிளாஸ்டிக் புல்லியாக இருந்து அதன் முகமும் தேய்ந்திருந்தால் முழுப் புல்லியையே மாற்றுவதுதான் சரி.

பெல்ட்டைக் கழற்றிய பிறகும் கீச்சிடுகிறது

இப்போது விஷயம் என்ஜினுக்குள். முதலில் உங்கள் வண்டியில் டைமிங் பெல்ட்டா, செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் நிறைய ஓடும் டீசல்களில் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் செயின் வகை, ரெனோவின் 1.5 கே9கே டைமிங் பெல்ட் வகை, வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான். செயின் தளர்ந்தால் ‘கடகட’ என்று வருமே தவிர கீச்சிடாது. டைமிங் பெல்ட் மூடிக்குள்ளிருந்து கீச் வந்தால் டென்ஷனர் பேரிங்கோ வாட்டர் பம்ப்போ போகப்போகிறது. கே9கே போன்றவற்றில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள்.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும், அல்லது டிப்ஸ்டிக்கை இழுத்ததும் சத்தம் நின்றால் பேரிங் எதுவும் கெடவில்லை, காற்று இழுக்கிறது. என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு (காற்று உள்ளே போகும் வழி) அனுப்பும் பி.சி.வி. வால்வின் மெல்லிய ரப்பர் கிழிந்திருந்தால் அந்தச் சிறு கிழிசல் விசில் போலக் கீச்சிடும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், இன்டேக் பேக்கிங் ஆகியவற்றிலும் இதே நடக்கும். அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகில் வைத்து மறுமுனையை ஹோஸ்களின் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். இங்கே மட்டும் காதை நம்பலாம், ஏனென்றால் குழாய் ஒரே இடத்துச் சத்தத்தைத்தான் கொண்டுவரும்.

குளிர்ந்த என்ஜினில் வந்து சூடானதும் மறைவது, மேட்டில் ஏறும்போது கூடுவது, விநாடிக்கு ஆறேழு தாளம் போடுவது மூன்றும் சேர்ந்தால் எரிந்த வாயு எங்கோ கசிகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங்கைச் சுற்றிக் கரிக்கோடு தெரிகிறதா? பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் சரியாக இறுகாமல் இருக்கிறதா? டீசலில் இன்ஜெக்டரின் அடியில் உள்ள செம்பு வாஷர் விட்டிருந்தால் ‘சிக் சிக்’ என்று வரும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பாகக் கட்டியிருக்கும். அந்தத் தார் இறுகினால் இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடு, சீக்கிரம் பாருங்கள்.

கிளட்சை மிதித்தால் மாறுகிறது

நியூட்ரலில் கீச்சிட்டு, பெடலில் காலை லேசாக வைத்ததுமே நின்றால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தும் பேரிங்) அல்லது அதைத் தள்ளும் ஃபோர்க் காய்ந்து ஆடுகிறது. முழுதாக மிதித்தால்தான் நிற்கிறது என்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் மீண்டும் ரிலீஸ் பேரிங். மூன்றுக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால், இறக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஓடினால் மட்டும் வருகிறது

ஓடும்போது கிளட்சை மிதித்து என்ஜின் வேகத்தைக் குறையுங்கள். கீச் அதே தாளத்தில் தொடர்ந்தால் என்ஜினுக்குச் சம்பந்தமில்லை. பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றால் பிரேக் பேட் தேய்ந்து, அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கை உரசுகிறது. பிரேக் தொட்டும் மாறாவிட்டால் டிஸ்க்குக்கும் பின் தகட்டுக்கும் நடுவில் கல் இருக்கலாம். என்ஜின் பின்சக்கரத்தை ஓட்டும் பொலேரோ, சுமோ, இன்னோவா கிரிஸ்டா போன்றவற்றில், நடை வேகத்தில் ‘கீச்… கீச்…’ என்று வந்தால் பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரோபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (சிலுவை வடிவ இணைப்பு) வறண்டுவிட்டது. கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடியுங்கள். இல்லாவிட்டால் கிராஸ் மாற்ற வேண்டும்.

என்ஜினை அணைத்த பிறகும் கீச்சிடுகிறது

சூடான சைலன்சர் ஆறும்போது ‘டிக் டிக்’ என்று வரும், அது கீச்சல்ல. உண்மையான கீச் என்றால் சிரிக்காமல் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். பல நாள் நிறுத்திய வண்டியில் எலியும் மூஞ்சூறும் அணிலும் கூடு கட்டும். ஃபில்டர் பெட்டியும் பானட் அடியில் ஒட்டிய பஞ்சு மெத்தையும் அவற்றுக்குப் பிடித்த இடங்கள். குட்டிகள் இருந்தால் எடுத்து வெளியே விட்டுவிட்டு, ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜெக்டர், சென்சார் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பாருங்கள். கடித்த ஒயரோடு ஸ்டார்ட் செய்தால் அடுத்த செலவு ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு.